பூட்டு, பக்கம், எழுத்து: பழைய கணினியில் இருப்பதைப் புதியதற்குக் கொண்டுவருவது எப்படி?

“பழைய சிஸ்டத்துல இருக்கிறதை அப்படியே பென் டிரைவ்ல ஏத்திக் குடுங்க.” தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கணினிக் கடைகளில் இந்த வேண்டுகோள் அடிக்கடி கேட்கும். தூசி படிந்த பெட்டிக்குள் இருப்பது மாங்காய் மண்டியின் பதினைந்து வருடக் கணக்காக இருக்கலாம், அச்சகத்தின் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளாக இருக்கலாம், எடை மேடையின் ரசீதுகளாகவும் இருக்கலாம். இரண்டு மணி நேரத்தில் பென் டிரைவ் கைக்கு வந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் புதிய லேப்டாப்பில் செருகினால் பாதி ஃபைல்கள் திறக்காது. திறக்கிற பாதியில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். உடனே “வைரஸ் தின்னுடுச்சு”, “டிஸ்க் போயிடுச்சு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே நடந்திருக்காது. தாண்ட வேண்டிய தடைகள் மூன்று. பென் டிரைவில் ஏற்றியபோது முழுதாகத் தாண்டியது முதலாவதை மட்டும்தான்.

டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பேரேடு

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே தாத்தா காலத்துப் பேரேடுகள். யாருக்கு எவ்வளவு ராகி கடன் கொடுத்திருந்தார் என்று பார்க்க வேண்டும். சாவியைக் காணோம் என்பதால் முதல் வேலை பூட்டைத் திறப்பது. திறந்த பிறகு எந்தப் பேரேடு, எந்தப் பக்கம் என்று தேட வேண்டும். முன்பக்க அட்டவணை கிழிந்திருந்தால் ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டியதுதான். பக்கமும் கிடைத்துவிட்டது. அங்கே மூன்றாவது சிக்கல் காத்திருக்கிறது: கணக்கு தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் தெலுங்கு பேசுகிறவர்கள்தான், ஆனால் பள்ளியில் படித்தது தமிழ். வாசித்துக் காட்டினால் புரியும், பார்த்தால் புரியாது. போதாததற்கு அளவெல்லாம் ‘வள்ளம்’ என்று இருக்கிறது. ஒரு வள்ளம் எத்தனை படி என்பதைச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

காகிதம் கையில் இருக்கிறது, மையும் அழியவில்லை. செய்தி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

கணினியிலும் இதே மூன்று தடைகள்தான். பூட்டு என்பது ஊடகம், அதாவது தரவு பதிந்திருக்கும் பொருள்: ஹார்டு டிஸ்க், ஃபிளாப்பி, சிடி. பக்க அட்டவணை என்பது கோப்பு முறைமை, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று குறித்துவைக்கும் முறை. எழுத்து என்பது கோப்பு வடிவமும் குறியாக்கமும். ஒரு ஃபைலுக்குள் விவரங்களை எந்த ஒழுங்கில் அடுக்கியிருக்கிறார்கள் என்பது வடிவம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பது குறியாக்கம்.

சுருக்கமாக: டிஸ்க்கை இணைக்க முடியாவிட்டால் ஊடகத்தில் சிக்கல். இணைத்தும் ஃபைல் பெயர்கள் தெரியாவிட்டால் கோப்பு முறைமையில் சிக்கல். ஃபைல் தெரிந்தும் உள்ளடக்கம் விளங்காவிட்டால் வடிவத்திலோ குறியாக்கத்திலோ சிக்கல். எந்தத் தடையில் நிற்கிறோம் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பூட்டைத் திறப்பது

பல வருடங்களாக மூலையில் கிடந்த கணினியை எடுத்ததும் சுவிட்சைப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. மதர்போர்டிலும் பவர் சப்ளையிலும் உள்ள கெபாசிட்டர்கள் காலப்போக்கில் உப்பியோ கசிந்தோ இருக்கலாம். தூசியோடு ஈரம் சேர்ந்து ஷார்ட் ஆகலாம். எல்லாம் நன்றாக இருந்தாலும், விண்டோஸ் கிளம்பும்போதே டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். பலவீனமான டிஸ்க்குக்கு அந்தச் சுமை தேவையே இல்லை. ஆகவே டிஸ்க்கை மட்டும் கழற்றி, நல்ல நிலையில் உள்ள வேறு கணினியில் இணைத்துப் படிப்பதே பாதுகாப்பு.

டிஸ்க்கின் பின்புறத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையாக 40 ஊசிகளும் பக்கத்தில் நான்கு தடித்த ஊசிகளும் இருந்தால் அது ஐடிஇ வகை. ஊசியே இல்லாமல் ‘எல்’ வடிவத்தில் இரண்டு தட்டையான சொருகிகள் இருந்தால் அது சாட்டா. 2003-க்குப் பிறகு படிப்படியாகப் பரவிய வகை. பழைய லேப்டாப் டிஸ்க்கில் நெருக்கமாக 44 ஊசிகள் இருக்கும், மின்சாரமும் அதன் வழியாகவே போகும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே யூஎஸ்பி அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. உள்ளூரில் இல்லையென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கலாம். வாங்கும்போது 12 வோல்ட் பவர் அடாப்டரும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். பெரிய 3.5 அங்குல டிஸ்க் சுழல 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி தருவதோ 5 வோல்ட்தான். “டிஸ்க் தெரியவே இல்லை” என்று வருகிற புகார்களில் கணிசமானவற்றுக்கு இந்த மின்சாரக் குறைவுதான் காரணம்.

ஐடிஇ டிஸ்க்கில் ஜம்பர் என்ற சின்னத் தொப்பி ஒன்று இருக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டிய படத்தைப் பார்த்து அதை ‘மாஸ்டர்’ நிலையில் வையுங்கள். ‘ஸ்லேவ்’ நிலையில் இருந்தால் சில அடாப்டர்களுக்கு டிஸ்க் தெரியாது. சொருகும்போது ஊசி வளையாமல் நேராக அழுத்த வேண்டும். முதலில் மின்சாரம், டிஸ்க் சுழலும் சத்தம் சீரானதும் யூஎஸ்பி. சுழலும்போது டிஸ்க்கை நகர்த்தவோ திருப்பவோ கூடாது. யூபிஎஸ் இருக்கும் இடத்தில் வேலை செய்வது நல்லது. பாதியில் மின்சாரம் போனால் பழைய டிஸ்க் மறுபடி சுழலும் என்று உறுதி இல்லை.

இணைத்ததும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கலாம்: “இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?” வேண்டாம் என்று மறுத்து மூடிவிடுங்கள். இந்த இடத்தில் அவசரமாக ‘ஓகே’ அழுத்தி இழந்தவை ஏராளம். டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தம் இல்லை, விண்டோஸுக்கு அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

‘டிக், டிக்’ என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். படிக்கும் முனை தட்டில் இடம் பிடிக்க முடியாமல் தவிக்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் தட்டு இன்னும் கீறப்படலாம். டிஸ்க்கைத் திறந்து பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது போன்ற கைவைத்தியங்கள் மிச்சத்தையும் கெடுக்கும். தரவு உண்மையிலேயே முக்கியம் என்றால் தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

டிஸ்க் சரியாகச் சுழன்றாலும் ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாதீர்கள். முதலில் முழு டிஸ்க்கையும் ஒரு பிம்பமாக எடுங்கள். பிம்பம் என்பது டிஸ்க்கின் முதல் துளியிலிருந்து கடைசித் துளிவரை அப்படியே நகலெடுத்த ஒரே பெரிய ஃபைல். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்கு மிக நல்லது. சிரமமின்றிப் படிக்க முடிகிற பகுதிகளை அது முதலில் எடுத்துவிடும். கெட்டுப்போன இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பிவந்து முயற்சி செய்யும். எதுவரை முடிந்தது என்று குறித்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரண காப்பி பேஸ்ட் அப்படி இல்லை. கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும், அந்த நேரத்தில் டிஸ்க் தேய்ந்துகொண்டே இருக்கும். 40 ஜிபி டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யூஎஸ்பி 2 வழியாக அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிம்பம் வந்துவிடும். அதே 40 ஜிபியைப் பழைய கணினியின் யூஎஸ்பி 1.1 துளை வழியாக எடுத்தால் நொடிக்கு சுமார் 1 எம்பிதான். பதினொரு மணி நேரம் ஆகும்.

டிஸ்க்கைக் கழற்ற முடியாத நிலையில் பழைய கணினியிலேயே பென் டிரைவ் செருக வேண்டி வந்தால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 98-க்குத் தனி டிரைவர் மென்பொருள் இல்லாமல் பென் டிரைவ் தெரியாது. எக்ஸ்பிக்குத் தெரியும், ஆனால் 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற புதிய கோப்பு முறைமையில் வருகின்றன. கூடுதல் அப்டேட் இல்லாத எக்ஸ்பிக்கு அது புரியாது. 32 ஜிபியோ அதற்குக் குறைவானதோ வாங்கி ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து பயன்படுத்துங்கள்.

ஃபிளாப்பி பற்றிக் கொஞ்சம். 1.44 எம்பி கொள்ளும் 3.5 அங்குல ஃபிளாப்பிக்கு யூஎஸ்பி டிரைவ் இன்றும் கிடைக்கிறது. 5.25 அங்குலத்துக்கு அப்படிச் செருகிப் படிக்கும் சாதாரண டிரைவ் இல்லை, பழைய டிரைவும் அதற்கேற்ற கணினியும் தேட வேண்டும். படிக்குமுன் உலோக மூடியை நகர்த்தி உள்ளே உள்ள பழுப்புத் தட்டைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். அந்தப் பூஞ்சை படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். மூலையில் உள்ள சின்னத் தாழை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வைத்தால் ஃபிளாப்பியில் எதுவும் எழுத முடியாது. படிக்க மட்டும் முடியும்.

ஓசூர் சிப்காட் பக்கம் பழைய சிஎன்சி இயந்திரம், அதாவது கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் இயந்திரம், வைத்திருப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை. பல சிஎன்சி இயந்திரங்களில் புரோகிராமும் இயந்திர அமைப்பு எண்களும் ஒரு பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்தால் இரண்டும் போய்விடும். எச்சரிக்கை விளக்கு வந்ததும், சீரியல் கேபிள் வழியாக எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு இறக்கிவிட்டு, பிறகு இயந்திரக் கையேட்டில் சொன்னபடி பேட்டரியை மாற்றுங்கள். பல மாடல்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும்.

சுருக்கமாக: டிஸ்க்கைக் கழற்று, போதுமான மின்சாரம் கொடு, ஃபார்மட் கேள்விக்கு மறுப்புச் சொல், முழுப் பிம்பம் எடு. இதற்கு மேல் எல்லா வேலையும் பிம்பத்தின் மீதுதான். அசல் டிஸ்க்கை உறையில் போட்டு எடுத்து வைத்துவிடலாம்.

பக்கத்தைத் தேடுவது

இந்தப் பகுதி பெரும்பாலும் எளிது. விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை பயன்பட்ட ஃபேட், என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டையும் இன்றைய விண்டோஸும் லினக்ஸும் படிக்கின்றன. அட்டவணை சிதைந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி அதைச் சீர்செய்து தரலாம். அதுவும் முடியாதபோது ஃபோட்டோரெக் என்ற கருவி ஒவ்வொரு தாளாகப் புரட்டி ஃபைல்களைப் பொறுக்கி எடுக்கும். உள்ளடக்கம் கிடைக்கும், ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது.

தவறு நடப்பது வேறு இடத்தில். ‘மை டாக்குமெண்ட்ஸ்’ ஃபோல்டரையும் டி டிரைவையும் மட்டும் எடுத்துக்கொண்டு முடிந்தது என்று நினைப்பார்கள். அந்தக் காலத்துக் கணக்கு மென்பொருள்கள் தம் தரவைத் தாங்கள் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே, பெரும்பாலும் சி டிரைவில், வைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் கிடப்பவையும் சி டிரைவில்தான் இருக்கின்றன. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அஞ்சல்கள் மறைவான ஃபோல்டருக்குள் இருக்கும். ஃபாண்ட்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கும். அதையும் தவறாமல் எடுங்கள், அடுத்த பகுதியில் அது தேவைப்படும்.

எக்ஸ்பி காலத்து டிஸ்க்கில் ஷார்ட்கட் வைரஸ் இருப்பது சாதாரணம். அது உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் போலி ஷார்ட்கட்களை வைக்கும். ஃபோல்டர் எல்லாம் ஒரு கேபி அளவில் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும் வசதியை இயக்கினால் அசல் ஃபோல்டர்கள் தென்படும். எதையும் இரட்டைக் கிளிக் செய்யுமுன் ஆன்டி வைரஸால் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

எழுத்தைப் படிப்பது: தமிழ் ஃபாண்ட் என்ற முகமூடி

தமிழ் ஃபைல்களைப் பொறுத்தவரை உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. இதைத்தான் பலரும் வைரஸ் என்று தவறாக நினைக்கிறார்கள்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை இருந்தால்தான் அது எழுத்தாகும். யூனிகோடு என்பது உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான அட்டவணை. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் நம் ஊர் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் அது புழக்கத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை பயன்பட்டது ஒரு மாற்றுவழி: ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணையே வைத்துக்கொண்டு, திரையில் வரையும் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றிய ஃபாண்ட்கள்.

பாமினி ஃபாண்டை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று தெரிகிற இடத்தில் ஃபைலுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஜே எழுத்துக்குத் ‘த’ முகமூடி, கே எழுத்துக்கு ‘ம’ முகமூடி, அரைப்புள்ளிக்குப் புள்ளி முகமூடி. பாமினி இல்லாத கணினியில் முகமூடி கழன்று, உள்ளே இருந்த ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. ஃபைல் கெடவில்லை. எப்போதும் இருந்ததுதான் இப்போது வெளியே தெரிகிறது.

“பாமினி ஃபாண்டை ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமே” என்பார்கள். அந்தக் கணினியில், அந்த ஃபைலில் சரியாகும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மறுபடி ஆங்கிலமாகும், ‘பெருமாள்’ என்று தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படி அடுக்கினால் ஆங்கில வரிசையில் அடுக்கும். நிரந்தரத் தீர்வு உள்ளே இருக்கும் எண்களையே யூனிகோடு எண்களாக மாற்றுவதுதான். என்எச்எம் கன்வெர்ட்டர், அழகி போன்ற கருவிகள் இதைச் செய்கின்றன.

மாற்றுவது வெறும் ஒன்றுக்கு ஒன்று வேலை இல்லை. பாமினியில் எழுத்துகள் கண்ணில் படும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. ‘கொ’ என்பது முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால் என மூன்று துண்டுகள். யூனிகோடிலோ முதலில் க, பிறகு ஒகரக் குறி. கருவி கொம்பைப் பார்த்ததும் காத்திருந்து, அடுத்த எழுத்தைத் தாண்டி, துணைக்கால் வருகிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். தட்டச்சுப் பழக்கங்களும் குழப்பும். ‘ரி’, ‘ர்’ ஆகியவற்றில் ர-வுக்குப் பதிலாகத் துணைக்காலைத் தட்டியவர்கள் அநேகம், உருவம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால். அதேபோல் ‘கௌ’ எழுத்தில் வரும் குறியும் ‘ள’ எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே முழு ஃபைலையும் மாற்றுமுன் ஒரு பக்கம் மட்டும் மாற்றி, கொ, கோ, கௌ, ரி, ஸ்ரீ வரும் சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரண்டு பொறிகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, கலப்பு ஃபைல். தமிழுக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல், அதாவது கடைப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், கருவி அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழ்க் குப்பையாக்கிவிடும். வேர்டு ஃபைலுக்குள் எந்தச் சொல் எந்த ஃபாண்டில் இருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். நோட்பேடில் ஒட்டியதும் அந்தக் குறிப்பு போய்விடும். எனவே வேர்டு ஃபைலை, ஃபாண்டைப் பார்த்து மாற்றும் கருவியால், வேர்டு ஃபைலாகவே மாற்றுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. பாமினியில் காற்புள்ளிக்கு உரிய எண்ணில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. பெயர்ப் பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி ஃபைலாக எடுத்தால், இளங்கோ, இந்திராணி என்று இ-யில் தொடங்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு கூடுதல் காற்புள்ளியாகத் தெரிந்து, அந்த வரியில் எல்லாக் கட்டங்களும் ஒன்று வலப்பக்கம் நகர்ந்துவிட வாய்ப்பு உண்டு. பெயர் ஊருக்கும், ஊர் தொகைக்கும் போய்விடும். இதற்குத் தீர்வு எளிது. காற்புள்ளிக்குப் பதிலாக டேப் குறியால் பிரித்து எடுங்கள்.

எந்தக் குறியாக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகமூடி கழன்ற நிலையில் சாதாரண ஆங்கில எழுத்தும் நிறைய அரைப்புள்ளியும் தெரிந்தால் பாமினி வகையாக இருக்கலாம். மேலே கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் நிறையத் தெரிந்தால் டாப் அல்லது டிஸ்கி போன்ற வகையாக இருக்கலாம். 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் தரங்களும், வானவில், ஸ்ரீலிபி போன்றவையும் தனித்தனி அட்டவணை கொண்டவை. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வழி, வேர்டில் திறந்து ஃபாண்ட் பெயரைப் பார்ப்பதுதான். 2010-இல் யூனிகோடு அரசின் தரமாகவும் ஆனது. அதற்குப் பிறகு உருவான ஃபைல்களிலும் பாமினி கிடைப்பது அபூர்வம் இல்லை, குறிப்பாக அச்சகங்களில்.

அச்சகத்தாருக்கு ஒரு வார்த்தை. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7. அதற்குப் பின்வந்த இன்டிசைன் மென்பொருள், தன் சிஎஸ்6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது, இன்றைய பதிப்பு திறக்காது. பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிற கணினி இருக்கும்போதே, ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப் ஆக ஒன்றும், வெறும் எழுத்தாக ஒன்றும் எடுத்து வைத்துவிடுங்கள். பிடிஎஃப் தோற்றத்தைக் காக்கும், எழுத்து ஃபைல் மறுபடி திருத்த உதவும்.

சுருக்கமாக: தமிழ் குப்பையாகத் தெரிவது தரவு அழிந்ததன் அடையாளம் இல்லை. ஃபாண்ட் பெயரைக் கண்டுபிடி, ஒரு பக்கம் மாற்றிப் பார், பிறகு முழுவதும் மாற்று, மாற்றாத அசலையும் பத்திரமாக வைத்திரு.

கணக்கு ஃபைல்கள்

மண்டி, ரைஸ் மில், நகை அடகுக் கடை போன்றவற்றுக்கு உள்ளூர் ஆட்களே எழுதிக் கொடுத்த மென்பொருள்கள் பெரும்பாலும் டிபேஸ் அல்லது ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருள்களின் வழி வந்தவை. அவற்றின் தரவு டிபிஎஃப் என்று முடியும் ஃபைல்களில் இருக்கும். நல்ல செய்தி என்னவென்றால் எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க் இவற்றை நேரடியாகத் திறக்கும். நீண்ட குறிப்புகள் மட்டும் எஃப்பிடி அல்லது டிபிடி என்று முடியும் துணை ஃபைலில் தனியாக இருக்கும். அதை விட்டுவிட்டு டிபிஎஃப்பை மட்டும் எடுத்துவந்தால் அந்தக் கட்டம் காலியாகிவிடும். ஆகவே ஃபோல்டரை முழுதாக எடுங்கள். இன்னொன்று: டிபேஸில் ‘அழித்த’ வரி உடனே அழிவதில்லை, அழிந்ததாக ஒரு குறி மட்டும் விழும். சில கருவிகள் அந்தக் குறியைப் பார்க்காமல் அழித்த வரிகளையும் சேர்த்துக் காட்டும், கூட்டுத்தொகை கூடிவரும்.

டேலி பயன்படுத்தியவர்களுக்குப் பாதை தெளிவு. டேலியின் பழைய 7.2 பதிப்புத் தரவை அதற்கென்றே உள்ள மாற்றுக் கருவியால் முதலில் இஆர்பி 9 பதிப்புக்கும், அங்கிருந்து டேலி பிரைமுக்கும் கொண்டுபோக வேண்டும். ஒரே தாவலில் போக முயன்று கம்பெனி தெரியவில்லை என்று கைவிடுவது தேவையற்ற நஷ்டம். பாஸ்வேர்டை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் எதுவும் பொருந்தாத, பெயர் தெரியாத, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள் என்றால், அதன் அறிக்கையை அச்சுப்பொறிக்கு அனுப்பாமல் ஃபைலுக்கு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் இருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வர வேண்டிய பேரேடு அப்படியே எழுத்து ஃபைலாக வந்துவிடும்.

எக்செல் தானாகச் செய்யும் மாற்றங்கள்

எடுத்த பட்டியலை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறக்கும்போது, கேட்காமலே சில மாற்றங்கள் நடந்துவிடும். சர்வே எண் 12/3 என்பது மார்ச் 12 ஆகிவிடும். 00457 என்ற அடகு எண் 457 ஆகும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகும், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 03/04/2005 மார்ச் 4 ஆகும், 25/04/2005 வெறும் எழுத்தாக அப்படியே நிற்கும். ஒரே பத்தியில் பாதி சரி, பாதி தவறு என்பதால் கண்ணில் படாது. இரண்டு இலக்க ஆண்டு இருந்தால் 1928-இல் பிறந்தவர் 2028-இல் பிறந்தவராகிவிடுவார்.

வழி ஒன்றுதான். இரட்டைக் கிளிக் வேண்டாம். எக்செல்லைத் தனியாகத் திறந்து, ‘டேட்டா’ பகுதியில் உள்ள எழுத்து ஃபைல் இறக்குமதி வழியாக எடுத்து, எண், தேதி, சர்வே எண் கட்டங்களை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். யூனிகோடு தமிழ் இருந்தால் அங்கேயே யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சரியாக மாற்றிய தமிழும் மறுபடி சிதைந்து தெரியும்.

மென்பொருளே வேண்டும் என்றால்

சிலருக்குத் தரவு போதாது, அதே பழைய மென்பொருளும் ஓட வேண்டும். 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் மென்பொருள்கள் ஓடாது. டாஸ் மென்பொருளை டாஸ்பாக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டலாம். விண்டோஸ் 98, எக்ஸ்பி மென்பொருளை மெய்நிகர் கணினிக்குள், அதாவது புதிய கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கிய பழைய கணினிக்குள், ஓட்டலாம். நாம் எடுத்த பிம்பமே அதற்கு டிஸ்க்காகப் பயன்படும். பிரிண்டர் துளையில் செருகும் டாங்கிள் பூட்டு உள்ள மென்பொருள் பெரும்பாலும் இதற்கு ஒத்துவராது. மெய்நிகர் எக்ஸ்பியை இணையத்தில் இணைக்கக் கூடாது. அதற்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன.

வந்தது சரிதானா?

ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போவது முதல் சோதனை. அடுத்தது ஹாஷ்: ஒரு ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுக் கிடைக்கும் கைரேகை போன்ற எண். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 7-ஜிப் நிறுவியிருந்தால் வலது கிளிக்கிலேயே எடுக்கலாம். ஆனால் ஹாஷ் சொல்வது நகல் சரி என்பதை மட்டும்தான், யூனிகோடாகவும் எக்செல்லாகவும் மாற்றியது சரி என்பதை அது சொல்லாது. அதற்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஏதாவது மூன்று ஆண்டுகளின் மார்ச் 31 இருப்பைப் பழைய பிரிண்ட் அவுட்டோடு ஒப்பிடுங்கள். இருபது பெயர்களை எடுத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அந்தக் கணக்கை எழுதிய பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘வ.வ.’ என்று எழுதியிருப்பது வரவேண்டிய வட்டியா, வரவு வைத்ததா என்று அவருக்குத்தான் தெரியும். அந்த விளக்கங்களை ஒரு தாளில் எழுதி ஸ்கேன் செய்து, தரவோடு அதே ஃபோல்டரில் வையுங்கள்.

சரிபார்த்ததும் மூன்று பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரிலோ கிளவுடிலோ.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே தூக்கிப் போடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மாற்றியதில் பிழை இருந்தால் தணிக்கை நேரத்தில்தான் அது தெரியவரும், அப்போது அசல் வேண்டும். தேதியும் உள்ளே இருப்பதும் எழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டோடு உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.

காலக்கெடு முடிந்து பழைய இரும்புக் கடைக்குப் போடும் நாளில், ஃபார்மட் செய்தால் போதும் என்று நம்ப வேண்டாம். சாதாரண ஃபார்மட் பக்க அட்டவணையைத்தான் கிழிக்கிறது, பேரேடு உள்ளேயே இருக்கும். வாடிக்கையாளர்களின் முகவரி, நகை எடை, வங்கி எண் எல்லாம் அதில் உண்டு. ஓடுகிற டிஸ்க் என்றால் முழுவதும் சுழி எழுதி நிரப்பும் அழிப்புக் கருவியை ஒருமுறை ஓட்டுங்கள். ஓடாத டிஸ்க் என்றால் தட்டுகளைத் துளைத்துக்கொண்டு போகும்படி டிரில்லிங் மெஷினால் மூன்று நான்கு ஓட்டை போட்டு, பிறகு மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். துளையிடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். லேப்டாப் டிஸ்க்குகளில் பலவற்றின் தட்டு கண்ணாடியால் ஆனது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.